பாம்பன் இருப்புப்பாதைப் பாலம்: வழிவிட்டு வாழ்ந்த வரலாறு

பாலம் ஒன்று எழும்பொழுது இரு கரைகள் இணைகின்றன என்றே பலரும் எண்ணுவர். அப்பாலத்தின் அடியில் அதற்கு முன்பே ஒரு வழி இருந்தது என்பதை எண்ணுவோர் சிலரே. ஆற்றிலும் கடலிலும் படகுக்கும் கப்பலுக்கும் உரிய வழி அது. தரைவழியைத் திறக்கும் பாலமே நீர்வழியை அடைத்துவிடவும் கூடும். ஒன்றைத் திறந்து மற்றொன்றை மூடாதிருப்பது எப்படி என்பது, பாலம் கட்டுவோர் பன்னெடுங்காலமாக விடை தேடிவந்த வினா.

அவ்வினாவிற்குத் தமிழகக் கடற்கோடியில் 1914ஆம் ஆண்டில் ஒரு விடை கிடைத்தது. அதுவே பாம்பன் இருப்புப்பாதைப் பாலம். இந்திய நாட்டில் கடல்மீது எழுந்த முதற்பாலம் என்னும் சிறப்பு அதற்கு உண்டு. ஆயினும் அதன் உண்மைப் பெருமை முதன்மையிலோ நீளத்திலோ அடங்கியதன்று. கப்பல் வந்தால் வழிவிடவும், புயல் வந்தால் இழக்கக்கூடியதை இழந்து இழக்கக்கூடாததைக் காத்துக்கொள்ளவும் வல்ல அமைப்பை அது பெற்றிருந்தது. நூறாண்டுக்கு மேல் அதை வாழவைத்தது அந்த அமைப்பே.

நிலமும் நீரும்

இராமநாதபுரத்துக்குக் கிழக்கே நிலம் மெலிந்து நீண்டு மண்டபம் என்னும் ஊரில் முடிகிறது. அதற்கப்பால் ஏறத்தாழ ஒன்றேகால் மைல் அகலமுள்ள கடற்கால். அதன் மறுகரையில் பாம்பன். பாம்பனிலிருந்து தொடங்குவது இராமேசுவரத் தீவு. அத்தீவின் தென்கிழக்கு முனை நீண்ட மணல் நாக்காக ஓடித் தனுஷ்கோடியில் முடிகிறது. தனுஷ்கோடிக்கும் இலங்கையைச் சேர்ந்த மன்னார்த் தீவுக்கும் இடையே மணல் திட்டுகளும் ஆழமற்ற நீரும் சங்கிலிபோல் தொடர்கின்றன. மக்கள் அதனைச் சேது என்றும், ஐரோப்பியர் ஆதம் பாலம் என்றும் வழங்கினர்.

பாம்பன் கடற்காலுக்கு வடக்கே பாக்கு விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. இவ்விரண்டுக்கும் இடையே சிறு கப்பல்களும் தோணிகளும் கடந்து செல்லத்தக்க வழியாக இக்கடற்கால் இருந்தது. பெருங்கப்பல்கள் இலங்கையைச் சுற்றியே சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அரசு இக்காலைத் தோண்டி ஆழப்படுத்தியது. ஆகவே அங்கே பாலம் கட்ட எண்ணியவர்கள், வெறும் நீர்ப்பரப்பின்மீது அன்று, மக்கள் பயன்படுத்திவந்த ஒரு கடல்வழியின்மீதே கட்ட வேண்டியிருந்தது.

பாலம் வருமுன் இராமேசுவரம் செல்வோர் படகேறியே கடந்தனர். சேதுபதி மன்னர்களின் ஆட்சியில் வடநாட்டிலிருந்து வந்த யாத்திரிகர்களும் அவ்வாறே சென்றனர். மேலைநாடுகளில் சொற்பொழிவாற்றிவிட்டு இலங்கை வழியாகத் திரும்பிய விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பாம்பனில்தான் கரையிறங்கினார். அங்கே அவரை வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி.

எதற்காகக் கட்டப்பட்டது?

இராமேசுவரம் செல்லும் யாத்திரிகருக்காகவே இப்பாலம் கட்டப்பட்டது என்று கருதுவோர் உண்டு. யாத்திரிகர் பயன்பெற்றனர் என்பது மெய். ஆனால் கட்டியவர் நோக்கம் தீவைக் கடந்து, அதற்கும் அப்பால் இருந்தது. அவர்கள் கண் இலங்கைமீது இருந்தது.

இலங்கை மலைநாட்டில் முதலில் காப்பியும் பின்னர் தேயிலையும் பயிராயின. அத்தோட்டங்களில் பாடுபடத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் ஆயிரக்கணக்கில் சென்றனர். வணிகமும் அஞ்சலும் அவ்வாறே பெருகின. அந்நாளில் இலங்கை செல்வோர் தூத்துக்குடி சென்று, அங்கிருந்து கப்பலேறி, ஓர் இரவு முழுதும் கடலில் கழித்துக் கொழும்பை அடைய வேண்டும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடலோ ஏறத்தாழ 22 மைல்தான். இருப்புப்பாதை தனுஷ்கோடி வரை செல்லுமாயின், கடற்பயணம் இரண்டொரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

1902ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து இருப்புப்பாதை மண்டபம் வந்து சேர்ந்தது. எஞ்சியது கடற்கால் ஒன்றே. தென்னிந்திய இரயில்வே 1911ஆம் ஆண்டில் பாலப்பணியைத் தொடங்கிற்று. 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டே தனுஷ்கோடி–தலைமன்னார் நீராவிக் கப்பல் போக்குவரத்தும் தொடங்கியது. சென்னை எழும்பூரில் ஏறிய ஒருவர் புகைவண்டி, கப்பல், மீண்டும் புகைவண்டி என மாறிக் கொழும்பில் இறங்கலாயினர். மக்கள் அவ்வண்டியைப் ‘போட்மெயில்’ என்று அழைத்தனர். ஆதம் பாலத்தின் மணல் திட்டுகள்மீதே தண்டவாளம் இட்டு இலங்கையை நேராக இணைக்கும் திட்டமும் ஆராயப்பட்டது. ஆனால் அது நிறைவேறவில்லை.

நூற்று நாற்பத்தைந்து கண்களும் ஒரு கதவும்

பாலத்தின் மொத்த நீளம் 6,776 அடி. இரு தூண்களுக்கு இடைப்பட்ட வெளியைக் ‘கண்’ என்பது தமிழ் வழக்கு. பாம்பன் பாலத்தில் 40 அடி அளவுள்ள கண்கள் 145. கப்பல் செல்வதற்கெனத் திறந்து மூடும் பெரிய கண் ஒன்று. பெரிய ஆறுகளில் நூறு அடியும் இருநூறு அடியும் உள்ள கண்கள் அமைக்கப்பட்ட அக்காலத்தில், கடலில் 40 அடிக் கண்களை வைத்தது ஏன்?

கடற்கால் ஆழமற்றது, எனவே தூண்களை நெருக்கமாக நிறுத்த இயலும். தூண்கள் நெருங்கினால் அவற்றின்மேல் கிடத்தும் இரும்பு உத்திரங்கள் குட்டையாகும். குட்டையானால் எடை குறையும். எடை குறைந்தால் தூக்கிவைப்பதும், பழுதுற்றபோது கழற்றி மாற்றுவதும் எளிதாகும். காற்றும் உப்பும் ஓயாது தாக்கும் இடத்தில், கழற்றி மாற்றத்தக்க சிறு உறுப்புகளால் ஒரு பொருளை ஆக்குவது அறிவுடைமை. இவ்வுண்மையின் முழுப்பொருளும் அரை நூற்றாண்டு கழித்தே விளங்கிற்று.

பெரிய கண்ணே பாலத்தின் உயிர்நிலை. அதனை அமைத்த முறை, அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில் பிறந்தது. அந்நகரின் ஆற்றில் கப்பல்களும் மிகுதி. ஆற்றைக் கடக்கும் வண்டிகளும் மிகுதி. இரண்டிற்கும் இடமளிக்கும் வழியை வில்லியம் செர்சர் என்னும் பொறியாளர் கண்டார். அவர் 1893ஆம் ஆண்டிலேயே காலமானார். தம் முறைப்படி எழுந்த பாலத்தைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. சிக்காகோவின் முதற்பாலங்கள் 1895ஆம் ஆண்டில் முடிந்தன. அவர் உடன்பிறந்தாரான ஆல்பர்ட் செர்சர் அம்முறையை உலகெங்கும் பரப்பினார்.

செர்சர் முறையை விளங்கிக்கொள்ளத் தமிழ்நாட்டு ஏற்றத்தை நினைவுகொள்வது போதும். ஏற்றத்தின் ஒரு முனையில் நீர்ச்சால். மறுபுறத்தில் அதற்கு ஈடான பாரம். பாரம் சரியாக அமைந்துவிட்டால் நிறைசாலும் சிறு முயற்சியால் மேலெழும். செர்சர் பாலமும் அவ்வாறே. கடற்காலின்மேல் நீளும் இரும்புக் கைக்கு ஈடாக அதன் பின்புறத்தில் பெரும்பாரம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும்.

ஆனால் ஏற்றம் ஓர் அச்சிலேயே நின்று ஆடுவது. செர்சர் கையோ உருள்வது. அதன் அடிப்பகுதி வண்டிச் சக்கரத்தின் காற்பங்கைப்போல் வளைந்திருக்கும். அவ்வளைவு பாதைமீது பின்னோக்கி உருள, கை மேலெழும். வழுக்கிவிடாதபடி பாதையில் பற்களும் வளைவில் அவற்றுக்கேற்ற குழிகளும் ஒன்றோடொன்று பொருந்தும். இதனால் விளையும் நன்மை இரண்டு. உருளும் பொருளுக்குத் தேய்மானத் தடை குறைவு. ஆகவே சிறு விசையே போதும். மேலெழும் கை எழுந்துகொண்டே பின்வாங்குவதால், கப்பலுக்கு வழி முழுமையாகக் கிடைக்கும்.

பாம்பனில் இத்தகைய கைகள் இரண்டு, எதிரெதிரே அமைந்தன. ஒவ்வொன்றின் எடையும் 415 டன் என்பர். மூடியபோது அவற்றின் நுனிகள் நடுவே சந்தித்துப் பூட்டப்படும். அப்போது வண்டி ஓடும். கப்பல் வரும்போது பூட்டைத் திறந்து, இருபுறமும் தொழிலாளர்கள் கைவிசையால் பொறியைச் சுற்றுவர். கைகள் இரண்டும் கோபுரக் கதவுகள்போல் மெல்லத் திறக்கும். நீராவியும் மின்சாரமும் இன்றி, ஆட்களின் தோள்வலியால் நானூறு டன் இரும்பு எழுந்தது என்றால், அது பொருந்திய பாரத்தின் வெற்றியேயாகும். இப்பெரிய கண்ணின் இரும்புவேலையைச் செய்தவர்கள் இங்கிலாந்திலுள்ள தார்ன்பி நகரத்து ஹெட் ரைட்சன் நிறுவனத்தார்.

பாலத்தைக் கடந்தவர்கள்

பாலம் எத்தனை அடி, எத்தனை டன் என்று கணக்கிடுவது எளிது. அதன்மீது சென்றவர் யார் என்று கேட்கும்போதுதான் அதன் வரலாறு மக்கள் வரலாறாகிறது.

போட்மெயிலில் அதிகாரிகளும் வணிகரும் சென்றனர். அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாகத் தோட்டத் தொழிலாளர் சென்றனர். கங்காணிகள் ஊர்தோறும் ஆள்சேர்த்து அழைத்துவந்தனர். பாலத்தின் இக்கரையில், மண்டபத்தில், இலங்கைக்குச் செல்லும் தொழிலாளருக்கென ஒரு முகாம் ஏற்பட்டது. அங்கே அவர்கள் நிறுத்திவைக்கப்பட்டு, நோய் உண்டா எனச் சோதிக்கப்பட்ட பின்னரே மேலே செல்ல விடப்பட்டனர். அவ்விடத்து இரயில் நிலையம் இன்றும் ‘மண்டபம் கேம்ப்’ என்றே பெயர் தாங்கி நிற்கிறது. 

மலாயாவுக்கு வந்த தமிழர் இப்பாலத்தின் வழியே வந்தவர் அல்லர். அவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். ஆயினும் அவர்களுக்கும் கங்காணி இருந்தார், முகாம் இருந்தது, பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலும் இருந்தது. மண்டபத்து முகாமில் காத்திருந்தவரும் ஜெரெஜாக்கில் காத்திருந்தவரும் ஒரே கதையின் இரு கிளைகள். ஆகவே பாம்பன் பாலத்தின் வரலாறு இந்நாட்டுத் தமிழருக்கு அயலார் வரலாறு ஆகாது.

புயல் வந்த இரவு

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். இலங்கைத் தோட்டத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவுசெய்வது என்பன அதன் கூறுகள். முன்னோர் சென்ற வழியே பிள்ளைகளும் பேரர்களும் திரும்ப வேண்டியதாயிற்று. அம்மக்கள் திரும்பத் தொடங்குமுன், ஒப்பந்தமாகி இரண்டு திங்கள் முடியுமுன்பே, அவ்வழியைக் கடல் தாக்கிற்று.

டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, இலங்கையைக் கடந்துவந்த கடும்புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றுகொண்டிருந்த 653ஆம் எண் பயணி வண்டி, ஊரை நெருங்கும் வேளையில் பேரலையால் விழுங்கப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில் நிலையம், அஞ்சலகம், சுங்கச்சாவடி, பள்ளி, வீடுகள் யாவும் அழிந்தன. புயலால் இருநாட்டிலும் இறந்தோர் தொகை ஏறத்தாழ 1,800 என மதிப்பிடப்படுகிறது.

இங்கே ஒரு பிழையைத் திருத்துதல் வேண்டும். அந்த வண்டி பாம்பன் பாலத்திலிருந்து கடலில் விழுந்தது என்று பலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். அது தவறு. வண்டி புறப்பட்டதே பாம்பனிலிருந்து. அது அழிந்தது தனுஷ்கோடியின் அருகே, தீவின் மணல்மீது. பாலத்துக்கு நேர்ந்தது வேறு. அதன் 145 சிறு கண்களில் 126 கண்களின் உத்திரங்களை அலை அடித்துச் சென்றது. எஞ்சியவை 19. பெரும்பாலான தூண்கள் நின்றன. செர்சர் கண்ணும் நின்றது.

நாற்பத்தாறு நாள்

பாலத்தைச் சீர்செய்ய ஆறு திங்கள் ஆகும் என இரயில்வே முதலில் கணக்கிட்டது. பின்னர் அது மூன்று திங்களாகச் சுருக்கப்பட்டது. பணியை ஏற்றவர் அன்று முப்பது வயதை ஒட்டிய இளம் பொறியாளராயிருந்த இ. ஸ்ரீதரன். பிற்காலத்தில் கொங்கண் இருப்புப்பாதையாலும் டில்லி மெட்ரோவாலும் நாடறிந்தவர் அவர்.

புதிய உத்திரங்கள் வேண்டுமாயின் நாட்டின் வேறு பகுதிகளிலிருந்து தேடிக் கொண்டுவர வேண்டும். அதற்கே நாள் பல கழியும். அந்நிலையில் அவ்வட்டார மீனவர்கள், அடித்துச் செல்லப்பட்ட உத்திரங்கள் கடலடியில் கிடக்கும் இடத்தைத் தாங்கள் கண்டதாக அறிவித்தனர். அச்செய்தி பணியின் போக்கையே மாற்றிற்று. கடலுள் கிடந்த உத்திரங்கள் மேலே கொணரப்பட்டு, அவை முன்பிருந்த தூண்கள்மீதே மீண்டும் ஏற்றப்பட்டன. நாற்பத்தாறே நாளில் பாலம் மீண்டது.

இவ்வெற்றியில் பொறியாளரின் விரைவுக்குப் பங்கு உண்டு. மீனவரின் கடலறிவுக்குப் பங்கு உண்டு. மூன்றாவது பங்கு, அரை நூற்றாண்டுக்கு முன் அந்தச் சிறு கண்களை வகுத்தவர்களுக்கு உரியது. 126 உத்திரங்களும் ஒரே அளவின. ஒரு தூணிடையில் இருந்ததை மற்றொரு தூணிடையில் வைத்தாலும் பொருந்தும். பாரந்தூக்கியால் எடுக்கத்தக்க அளவே அவற்றின் எடை. இருநூறு முந்நூறு அடிப் பெருங்கண்களால் அப்பாலம் ஆகியிருந்து, அவை கடலில் வீழ்ந்திருப்பின், நாற்பத்தாறு நாளில் மீட்பது என்பது நினைத்தும் பார்க்க இயலாத செயல். சிறுமையே அங்கே வலிமையாயிற்று. கடற்கரை மணலில் படரும் அடம்பன்கொடியைச் சுட்டி, அக்கொடியும் திரண்டால் மிடுக்கு என்பர் தமிழர். பாம்பனின் சிறு கண்களுக்கு அப்பழமொழி முற்றும் பொருந்தும்.

வழி மாறிய பாலம்

பாலம் மீண்டது, ஆனால் அது சென்றடைய வேண்டிய ஊர் மீளவில்லை. தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்றது என அரசு அறிவித்தது. அங்குச் சென்ற தண்டவாளம் கைவிடப்பட்டது. கப்பல் பின்னர் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் அக்கப்பலில் வந்து இராமேசுவரத்தில் இறங்கின, இப்பாலத்தைக் கடந்தன, மண்டபம் முகாமில் தங்கிப் பின் பல ஊர்களுக்குப் பிரிந்தன. தாத்தா கிழக்கு நோக்கிக் கடந்த பாலத்தைப் பேரன் மேற்கு நோக்கிக் கடந்தான். ஒருவருக்கும் அப்பயணம் முழுக்கத் தம் விருப்பத்தால் ஆனதன்று. 

இலங்கையில் போர் மூண்டதனால் 1984ஆம் ஆண்டில் அக்கப்பலும் நின்றது. எந்த நோக்கத்துக்காகப் பாலம் கட்டப்பட்டதோ அந்நோக்கம் எழுபதாண்டில் முற்றிலும் மறைந்தது. அதன்பின் இராமேசுவரத் தீவின் மக்களுக்கும் யாத்திரிகருக்கும் உரிய பாலமாக அது வாழ்ந்தது. அருகே சாலைப்பாலம் 1988ஆம் ஆண்டில் திறக்கப்படும்வரை, தீவை நிலத்தோடு சேர்த்தது இந்த இருப்புப்பாதை ஒன்றே. நோயாளியும் மாணவனும் மீனும் அரிசியும் அதன்வழியே சென்றன.

2007ஆம் ஆண்டில் மீட்டர்ப் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டது. பழைய தூண்களும் செர்சர் கண்ணும் கூடுதல் பாரத்தை ஏற்றன. 2013ஆம் ஆண்டு சனவரியில் கடற்படையின் மிதவை ஒன்று பாலத்தில் மோதிச் சேதம் விளைத்தது, அதுவும் சீர்செய்யப்பட்டது. ஆனால் உப்புக்காற்று ஓய்வதில்லை. இரும்பின் நலிவு மிகவே, 2022ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் முதல் வண்டிகள் நிறுத்தப்பட்டன. புயல் தாக்கிய அதே திங்களில், ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், பழம்பாலம் ஓய்வுபெற்றது.

அதனருகே எழுந்த புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. அதில் 18.3 மீட்டர் அளவுள்ள கண்கள் 99. கப்பல் செல்லும் கண் ஒன்று, அதன் நீளம் 72.5 மீட்டர். அக்கண் பழையதைப்போல் இரண்டாகப் பிரிந்து திறப்பதன்று. இருபுறக் கோபுரங்களுக்கு இடையே, கிடந்தவாறே 17 மீட்டர் மேலெழுவது. ஆட்களின் கைவிசைக்கு மாறாக மின்விசை. ஆயினும் ஒன்றைக் காண்க: புதியதும் பல சிறு கண்களும் ஒரு பெருங்கண்ணுமாகவே வகுக்கப்பட்டுள்ளது, புதியதிலும் தூக்கும் எடைக்கு ஈடான பாரம் உண்டு, புதியதும் கப்பலுக்கு வழிவிடுகிறது. பொறி மாறியது, 1914இல் வகுத்த அறம் மாறவில்லை.

கடலோடு போராடி வென்றது பாம்பன் பாலம் என்று புகழ்வோர் உளர். வரலாற்றை நோக்கின் அது சரியான புகழ்ச்சியன்று. கடலை அது வெல்லவில்லை. 1964இல் தன் உடலின் பெரும்பகுதியைக் கடலுக்குக் கொடுத்தது. பெரும்பாலான தூண்களையும் செர்சர் கண்ணையும் காத்து நின்றது. நாள்தோறும் கப்பலுக்கும் தோணிக்கும் உரிய வழியை அது மதித்தது. அசையாது நிற்பதே உறுதி என்று எண்ணியிருந்தால், அது முதற்புயலிலேயே முடிந்திருக்கும். 

பழைய இரும்பு என்றேனும் கரைந்துவிடும். மண்டபத்திலிருந்து பாம்பனுக்குச் செல்லும் வண்டியில் அமரும் இளைஞர், கீழே தெரியும் நீலக்கடலைப் பார்த்து வியப்பர். அவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் அத்துடன் இரண்டு செய்திகளையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று. அந்நீருக்கடியில் கிடந்த உத்திரங்களை அடையாளம் காட்டியவர்கள் பெயர் தெரியாத மீனவர்கள் என்பது ஒன்று. அப்பாதைமீது முதலில் மிகுதியாகச் சென்றவர்கள், திரும்பி வருவோமா என்றறியாத தொழிலாளர்கள் என்பது மற்றொன்று.